தேயிலை மணக்கும் பிஸ்கோத்து



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சிறு பண்டத்தைப் பற்றி. தேயிலையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்து, வெண்ணெய் பிசைந்து, வீட்டிலேயே சுட்டெடுக்கும் பிஸ்கோத்துதான் அது. வானொலியில் பேசுவதற்கு இது ஒரு விஷயமா என்று சிலர் நினைக்கலாம். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்தப் பிஸ்கோத்தைச் செய்யப் புகுந்தபோது, "நம்முடைய ஊர் எது?" என்ற கேள்விக்கும் சேர்த்து விடை தேட வேண்டியதாயிற்று. பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மில் அநேகருக்கு இந்தக் கேள்வி புதிதன்று. ஆகையால் செய்முறையோடு அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் குடியிருப்பது சந்தாபுராவில். பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் கடந்தால் வரும் ஊர் அது. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. இன்னும் சில மைல் சென்றால் அத்திப்பள்ளி. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. 2025 ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயில் பொம்மசந்திரா வரையில் வந்துவிட்டது. பொம்மசந்திரா, ஜிகணி முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளை நம்பிப் பல மாநிலத்தாரும் இப்பக்கத்தில் குடியேறியிருக்கிறார்கள். எங்கள் மாடி வீட்டுப் படியில் ஏறி முடிப்பதற்குள் கன்னடம், தெலுங்கு, ஒடியா, இந்தி ஆகிய எல்லா மொழிகளும் காதில் விழுந்துவிடும்.

சென்ற டிசம்பரில் எங்கள் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு செய்தியோடு வந்தாள். அடுத்த வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை வகுப்பில் ஒரு சிறு விருந்து. ஒவ்வொரு குழந்தையும் தன்னுடைய ஊர்ப் பண்டம் ஒன்றை வீட்டில் செய்வித்துக் கொண்டுவர வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் ஒப்பட்டு கொண்டுவருகிறானாம். பீகார்ப் பெண் ஒருத்தி தேக்குவா என்ற இனிப்பைச் சொல்லியிருக்கிறாளாம். "நம்ம ஊர் எது அம்மா?" என்று கேட்டாள்.

"கோத்தகிரி" என்றார் அவள் தகப்பனார்.

"நான் ஆனேக்கல்லில்தானே பிறந்தேன்? கோத்தகிரிக்கு இரண்டு தடவைதானே போயிருக்கிறேன்?" என்றாள் அவள். பிறகு தன் பாட்டியிடம் திரும்பி, "அப்பாயி, உங்க ஊர் எது?" என்று கேட்டாள். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "ஹட்டன் பக்கம்" என்றார். "அது எந்த மாநிலம்?" என்றாள் குழந்தை. யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

அந்தப் பெரியவரை இந்தப் பேச்சில் அத்தை என்றே குறிப்பிடுவோம். இலங்கையின் மலைநாட்டில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அத்தை. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன்படி, நாடற்றவர்களாக இருந்த மலைநாட்டுத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரைப் பற்றி 1974-இல் மற்றோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். எண்ணிக்கைகளை இப்படி வாசிப்பது எளிது. அந்த எண்ணிக்கைக்குள் ஒருத்தியாக, 1973-இல் தம் பெற்றோருடன் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் வந்து இறங்கியபோது அத்தைக்கு வயது பதினொன்று. மண்டபம் முகாமில் சில நாள் தங்கிய பிறகு நீலகிரிக்கு அனுப்பினார்கள். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாட்டு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தது. அத்தையின் குடும்பத்துக்கு வாய்த்தது ஒரு தனியார் தோட்டம். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அவர் முதுகில் கூடையோடு கொழுந்து பறித்தார்.

மாமா காலமான பிறகு அத்தையைச் சந்தாபுராவுக்கு அழைத்து வந்தோம். இங்கே அவருக்குக் கன்னடம் தெரியாது. கடைவீதி பழக்கமில்லை. காலையில் பெரட்டுக்குப் போய்ப் பழகிய உடம்பு இன்னமும் ஐந்து மணிக்கு எழுந்துவிடும்; எழுந்தபின் செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை. சமையலில் கை கொடுக்க வருவார். "நீங்கள் உட்காருங்கள் அத்தை" என்று நாங்கள் உட்கார வைத்துவிடுவோம். அன்பினால்தான் அப்படிச் செய்தோம். அது அவரை எவ்வளவு வருத்தியது என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூட விருந்துக்கு என்ன செய்வது என்ற யோசனை தொடர்ந்தது. முறுக்கு என்றோம். வகுப்பிலுள்ள மற்ற இரண்டு தமிழ்க் குழந்தைகளும் முறுக்குத்தான் கொண்டுவருகிறார்கள் என்று பெண் சொன்னாள். புதிதாக வாங்கியிருந்த சிறிய ஓவனில் பிஸ்கோத்து சுட வேண்டும் என்பது அவள் ஆசை. பிஸ்கோத்து எப்படி நம் ஊர்ப் பண்டமாகும்? ஹட்டனிலும் கோத்தகிரியிலும் சந்தாபுராவிலும் எங்கள் வீட்டில் மாறாமல் இருந்த பொருள் தேயிலை ஒன்றுதான். ஆகவே பிஸ்கோத்தில் தேயிலையைச் சேர்ப்பது என்று தீர்மானித்தோம்.

பிஸ்கோத்து வகைகளில் நாங்கள் எடுத்துக்கொண்டது ஷார்ட்பிரட் என்பது. ஸ்காட்லாந்து தேசத்தில் தோன்றியது. முட்டை இல்லை, பால் இல்லை, சோடா உப்பு இல்லை. எடையில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. அதன் இலக்கணம் இவ்வளவே. கோதுமை மாவில் நீர் விட்டுப் பிசைந்தால் பசையுள்ள இழைகள் உண்டாகும். பரோட்டாவுக்கு மாவை அடித்து அடித்துப் பிசைவது அந்த இழைகள் நீள்வதற்காக. ஷார்ட்பிரட்டுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான குணம். வெண்ணெய் மாவுத் துகள்களின்மேல் படர்ந்து நீர் அண்டாமல் தடுக்கிறது. இழைகள் நீளாமல் குட்டையாக நின்றுவிடுகின்றன. கடித்தால் மணல்வீடு போல உதிர்வது அதனால்தான். குட்டை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே அதன் பெயரில் இருக்கிறது.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான பண்டமன்று. நம் பக்கத்து நெய் பிஸ்கோத்தும், வடநாட்டு நான்கடாயும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். பெங்களூர் ஐயங்கார் பேக்கரிகளில் கிடைக்கும் பெண்ணெ பிஸ்கோத்தும் அவ்வாறே. பெண்ணெ என்று கன்னடத்தார் சொல்வது நம் வெண்ணெயைத்தான். நீலகிரியில் தேநீரில் தோய்த்துத் தின்னும் வர்க்கியைச் சொல்லாமல் விட முடியாது. அது 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஸ்காட்லாந்துக்கும் தேயிலைக்கும் இன்னோர் உறவும் உண்டு. இலங்கையில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று தேயிலை பயிரிட்டவர் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1867-இல், கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரா தோட்டத்தில், 19 ஏக்கரில் தொடங்கினார். அந்த மலைகளில் துரைமார் பங்களாக்களில் தேநீரோடு வெண்ணெய்ப் பிஸ்கோத்து தின்ற கை வேறு. கொழுந்து பறித்த கை வேறு. கொழுந்து பறித்தவர்கள் தின்றது கோதுமை ரொட்டி. குடித்தது பால் சேராத தேத்தண்ணி. அத்தை இன்னமும் தேநீரைத் தேத்தண்ணி என்றே சொல்வார். எங்கள் ஓவனுக்கும் அவர் வைத்த பெயர் போறணை.

முதல் ஞாயிற்றுக்கிழமை செய்த பிஸ்கோத்து கெட்டுப்போயிற்று. எப்படிக் கெட்டது என்பதைச் சொல்கிறோம், உங்களுக்கு உபயோகப்படும்.

நாங்கள் செய்த தவறுகள் மூன்று. அன்றாடம் காபி, தேநீர் போடும் அலமாரியிலிருந்த தேயிலைத் தூளை இரண்டு கரண்டி அப்படியே மாவில் கொட்டினோம். ஆரஞ்சுத் தோலைத் துருவும்போது அடியிலுள்ள வெள்ளைப் பகுதியையும் சேர்த்துத் துருவினோம். நன்றாகச் சிவக்கட்டும் என்று ஓவனில் அதிக நேரம் விட்டுவிட்டோம். வெளியே எடுத்தபோது நிறம் அழகாகத்தான் இருந்தது. வாயில் போட்டால் கசப்பு. கூடவே நறநறவென்று நெருடல். குழந்தை கடித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

அத்தை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் ஒன்று கொடுத்தோம். மெதுவாக மென்றார். "இது தூளும்மா" என்றார். "தூளைக் கொதிக்க வைக்கலாம். கடிக்க முடியாது. இதுக்கு இலை வேணும்."

முப்பது வருஷத் தொழிலறிவு ஒரே வாக்கியத்தில் வெளிவந்தது. அதன் விவரத்தைச் சிறிது விளக்குகிறோம்.

நம் நாட்டில் பெரும்பாலோர் குடிப்பது சிடிசி என்று சொல்லப்படும் தேயிலை. வாடவைத்த கொழுந்தைப் பற்கள் வெட்டிய உருளைகளுக்கு நடுவே செலுத்தினால், அது நசுங்கிக் கிழிந்து சுருண்டு சிறு குருணையாக வெளிவரும். இந்த இயந்திரமுறை 1930-இல் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது. குருணையில் சாறு விரைவாக இறங்கும். நிறமும் துவர்ப்பும் மிகுதி. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைக்க அதுவே ஏற்றது. ஆனால் அந்தக் குருணை கெட்டியானது. மாவில் சேர்த்தால் கரையாது. பல்லில் மணலாக நிற்கும். துவர்ப்பு மாத்திரம் மேலோங்கும்.

மற்றொரு வகை பழைய முறைப்படி செய்வது. வியாபாரிகள் ஆர்த்தடாக்ஸ் என்பார்கள். அதில் கொழுந்தைக் கிழிப்பதில்லை, உருட்டி முறுக்குவார்கள். இலை இலையாகவே காய்ந்து சுருண்டிருக்கும். துவர்ப்புக் குறைவு, வாசனை அதிகம். நீலகிரித் தேயிலையின் பெயர் வெளிநாடுகளில் விளங்குவது இந்த வகையால்தான். காய்ந்த இலையாகையால் விரலால் நசுக்கினாலே பொடியாகும்.

அடுத்த நாள் பெண்ணின் தகப்பனார் வேலை முடிந்து வரும்போது நகரத்துக் கடையிலிருந்து நூறு கிராம் நீலகிரி இலைத் தேயிலை வாங்கி வந்தார். பொட்டலத்தை அத்தையிடம் கொடுத்தோம். அவர் ஒரு தட்டில் கொட்டினார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைத்தார். அவர் விரல்கள் அவ்வளவு வேகமாக ஓடி நாங்கள் பார்த்ததில்லை. கடைசியில் நுனியில் வெளுத்திருந்த ஓர் இலையை எடுத்துக் காட்டி, "இது மொட்டு" என்று பேத்திக்குச் சொன்னார். "இரண்டு இலையும் ஒரு மொட்டும். அதுக்கு மேல கிள்ளினா கணக்குப்பிள்ளை கத்துவார்."

குழந்தை, "இதில் தேத்தண்ணி போடட்டுமா அப்பாயி?" என்று கேட்டாள். பால் விடாமல், சீனி தனியாக வைத்து, ஒரு தம்ளரில் போட்டுக் கொடுத்தோம். அத்தை இரண்டு மிடறு குடித்துவிட்டுத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் பறிச்சேன். மாசாமாசம் எங்களுக்குக் கொடுத்தது தூள். இலையைக் குடிச்சது இன்னைக்குத்தான்" என்றார்.

குரலில் வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒரு கணக்கை முடித்துச் சொல்பவர் போலத்தான் சொன்னார். எங்களால்தான் அங்கே நிற்க முடியவில்லை. ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிறார். நகரத்துக் கடையில் கிடைக்கும் நூறு கிராம் தேயிலையை வாங்கி வர எங்களுக்கு ஏன் தோன்றவில்லை? தேயிலையைப் பற்றி இந்த வீட்டில் தெரிந்தவர் அவர் ஒருவரே. அவரைக் கேளாமல் தேயிலைப் பிஸ்கோத்து செய்யப் புகுந்தோமே என்று நினைத்துக்கொண்டோம்.

இனி ஆரஞ்சுத் தோலின் விஷயத்துக்கு வருவோம். தேயிலையோடு இவ்வகைப் பழத்தின் மணத்தைச் சேர்ப்பது புதுமையன்று. ஏர்ல் கிரே என்றொரு தேயிலை உலகமெங்கும் விற்கிறது. 1830 முதல் 1834 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிரே பிரபுவின் பெயர் அது. அதில் சேர்ப்பது பெர்கமாட் என்ற பழத்தின் தோல் எண்ணெய். அந்தப் பழம் முக்கியமாக இத்தாலியின் தென்கோடியிலுள்ள கலாப்ரியாவில் விளைகிறது. கறுப்புத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் பொருள்களில் லினலூல் என்பது ஒன்று. பெர்கமாட் எண்ணெயிலும் அது மிகுதியாக இருக்கிறது. இரண்டின் மணமும் ஒன்றோடொன்று இசைவதில் வியப்பில்லை.

பெர்கமாட் நமக்குக் கிடைக்காவிட்டால் குறையொன்றுமில்லை. இந்தக் குலத்துப் பழங்கள் நம் நாட்டில் பல. டிசம்பரில் பெங்களூர்ச் சந்தைக்குக் குடகு ஆரஞ்சும் நாகபுரி ஆரஞ்சும் வரும். பெங்களூருக்கு வடக்கேயுள்ள தேவனஹள்ளிப் பம்பளிமாசு பெயர்பெற்றது. கன்னடத்தார் அதைச் சக்கோத்தா என்பார்கள். எலுமிச்சை எங்கும் உண்டு. ஊறுகாய்க்கு வாங்கும் நாரத்தையையும் உபயோகிக்கலாம். அதன் மணம் கடுமையாகையால் பாதி அளவு போதும்.

எந்தப் பழமானாலும் ஒன்றை மறக்கலாகாது. மணம் முழுவதும் தோலின் மேற்பரப்பிலுள்ள சிறு எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. அதன் அடியிலுள்ள வெண்மையான பகுதி கசக்கும். ஆகவே நிறமுள்ள பாகத்தை மட்டும் மெல்லத் துருவ வேண்டும். வெள்ளை தெரிந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கடைப் பழங்களின்மேல் மெழுகும் மருந்தும் இருக்கக்கூடும். முதலில் வெதுவெதுப்பான நீரில் கல்லுப்புத் தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொள்வது நல்லது.

இப்போது செய்முறை. இரண்டாம் முறை அத்தை பக்கத்தில் உட்கார்ந்து செய்வித்தது இது.

தூளாக்கிய சர்க்கரை 60 கிராம். அதில் ஒரு ஆரஞ்சின் துருவிய தோலைப் போட்டு விரல் நுனியால் தேய்க்க வேண்டும். சர்க்கரை ஈரமணல் போலாகி ஆரஞ்சு நிறம் ஏறும்; எண்ணெய் வெளிவந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இலைத் தேயிலை இரண்டு தேக்கரண்டி எடுத்து, காம்பு நீக்கி, அம்மியிலோ மிக்ஸியிலோ நன்கு பொடித்து, மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்துகொள்ள வேண்டும். இலைத் தேயிலை கிடைக்காதவர்கள் சாதாரணத் தூளையே பொடித்துச் சலித்து ஒரு தேக்கரண்டி மட்டும் சேர்க்கலாம்.

உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம். அது உருகியிருக்கலாகாது, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் இருக்க வேண்டும். பெங்களூரின் குளிர்காலத்தில் வெண்ணெயை அரை மணி வெளியே வைத்தால் அந்தப் பதம் வரும். சென்னை, மும்பை போன்ற இடங்களில் ஐந்தாறு நிமிஷமே போதும். வெண்ணெயில், பொடித்த தேயிலையை முதலில் கலந்துவிட வேண்டும். தேயிலையின் மணம் கொழுப்பில் நன்றாகப் பிடிக்கும். பத்து நிமிஷம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு சர்க்கரையைச் சேர்த்துக் குழைக்கலாம். உப்பு ஒரு சிட்டிகை.

மைதா மாவு 150 கிராம், அரிசி மாவு 30 கிராம். ஸ்காட்லாந்துக்காரர்களே அரிசி மாவு சேர்ப்பதுண்டு, கரகரப்புக்காக. இரண்டையும் சலித்து வெண்ணெயில் சேர்த்து, திரண்டு வரும் வரையில் மட்டும் கூட்டினால் போதும். அழுத்திப் பிசையலாகாது. சப்பாத்தி மாவுக்குப் பழகிய கைக்கு இது சற்றுக் கடினம். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம்.

திரண்ட மாவை ஒன்றரை அங்குலக் கனத்துக்கு உருளையாக உருட்டி, எண்ணெய்த் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். வெண்ணெய் இறுகினால்தான் சுடும்போது பரந்து ஓடாது. பிறகு கூர்மையான கத்தியால் சுண்டுவிரல் கனத்துக்கு வில்லைகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் இரண்டு மூன்று இடங்களில் குத்திவிட வேண்டும். இந்த அளவுக்கு ஏறத்தாழ 24 வில்லைகள் வரும்.

ஓவனை முன்கூட்டியே 160 டிகிரி செல்சியஸ் சூடாக்கி, 20 முதல் 24 நிமிஷம் வரையில் சுட வேண்டும். ஓரத்தில் லேசான பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடலாம். நடுப்பாகம் வெளுப்பாகவே இருக்கும். சுடச்சுடத் தொட்டால் மெத்தென்றிருக்கும். வேகவில்லை என்று எண்ணி மறுபடி உள்ளே வைத்துவிடக்கூடாது. ஆறினால்தான் இறுகும். நாங்கள் முதல் தடவை ஏமாந்தது இங்கேதான்.

ஓவன் இல்லாத வீடுகளில் கனமான பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்று போதும். அடியில் ஒரு அங்குலம் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடி, மிதமான தணலில் பத்து நிமிஷம் காயவிட வேண்டும். பிறகு வில்லைகள் அடுக்கிய தட்டை வளையத்தின்மேல் வைத்து மூடி, சிறு தணலில் அரை மணி சுடலாம். இருபது நிமிஷத்துக்குப் பின் ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம். பிரஷர் குக்கரை உபயோகிப்பவர்கள் அதன் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயமாக நீக்கிவிட வேண்டும். உள்ளே நீர் ஊற்றலாகாது.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டாவது ஈடு வெந்து வந்தது. முதலில் வந்தது வெண்ணெய் வாசனை, அடுத்து ஆரஞ்சு. ஆறிய பிறகு வாயில் போட்டால் கடைசியில் நாக்கில் நின்றது தேயிலை. அத்தை ஒன்றை எடுத்துத் தேத்தண்ணியில் தோய்த்தார். வர்க்கி தின்பவர்களுக்கு எதையும் தோய்த்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். "பரவாயில்ல" என்றார். பிறகு, "அடுத்த தடவை தேயிலை இன்னும் கொஞ்சம் போடலாம்" என்றார். அடுத்த தடவை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பெண் காலித் தகர டப்பாவோடு திரும்பி வந்தாள். "டீச்சர் என்ன கேட்டார்?" என்று விசாரித்தோம். இது எந்த ஊர்ப் பண்டம் என்று கேட்டாராம். "நீ என்ன சொன்னாய்?"

"எங்க அப்பாயி தேயிலை பறிக்கிறவங்க, அவங்க செஞ்சதுன்னு சொன்னேன்" என்றாள். டீச்சரும் அதற்குமேல் கேட்கவில்லையாம்.

எங்கள் கேள்விக்கு இது முழுமையான விடையா என்பதை நேயர்களே சொல்ல வேண்டும். ஊர் என்பதை வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு, அது கூடத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தது தெரியாமற் போயிற்று. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருக்கலாம். நெல் குத்தியவராக இருக்கலாம். தறி நெய்தவராக, மீன் காய வைத்தவராக, பூக் கட்டியவராக இருக்கலாம். அவரை உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இப்போதெல்லாம் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பிஸ்கோத்து சுடுகிறோம். தேயிலை பொறுக்குவதும் பொடிப்பதும் அத்தையின் பொறுப்பு. அதில் வேறு யாரும் கை வைக்கலாகாது. ஒப்பட்டு கொண்டுபோன பையனின் தாயார் மாடிப்படியில் நின்று அத்தையிடம் கன்னடத்தில் அளவு கேட்கிறார். அத்தை தமிழில் பதில் சொல்கிறார். இருவருக்கும் புரிந்துவிடுகிறது. அந்த அம்மாள் செய்த பிஸ்கோத்து ஒரு டப்பா நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தது. எலுமிச்சை சற்று அதிகம், மற்றபடி குற்றமில்லை.

குறித்துக்கொள்ள விரும்புவோருக்காக அளவை மீண்டும் ஒருமுறை சொல்கிறோம். தூள் சர்க்கரை 60 கிராம். உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம். மைதா 150 கிராம். அரிசி மாவு 30 கிராம். பொடித்த இலைத் தேயிலை 2 தேக்கரண்டி. அத்தையின் கணக்குப்படி இரண்டரை. ஒரு ஆரஞ்சின் தோல். ஒரு சிட்டிகை உப்பு. நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் பத்து நாள் கெடாது. எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் வரையில் இருந்ததில்லை.